லண்டன் ஜியோகேச்சிங் நடை: பத்து கிலோமீட்டர் தள்ளித் தேடியவனின் எச்சரிக்கைகள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அக்கா மகன் ஒரு படம் அனுப்பினான். மங்கலான வானம், வரிசையாகக் கட்டிய படகுகள், ஆளரவமற்ற நடைபாதை. கீழே ஒரு வரி: ‘பெட்டி இங்கே இல்லை மாமா, யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.’

பார்த்ததும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு அதே நீர்க்கரையில் மழையில் நனைந்துகொண்டு அதே வாக்கியத்தை நானும் சொல்லியிருக்கிறேன்.

விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 2000 மே 2 அன்று, ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியை ஒளித்துவைத்துவிட்டு, அது இருக்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போட்டார். ஜியோகேச்சிங் அங்கிருந்துதான் தொடங்கியது. லண்டன் போன்ற நகரத்தில் காவலும் கேமராவும் சூழ்ந்த நினைவுச்சின்னங்களில் பெட்டி வைக்க முடியாது. அதனால் ஒவ்வொரு சின்னத்திலும் ஓர் எண்ணைச் சேகரிக்கச் சொல்வார்கள். எல்லா எண்களையும் கோத்தால் கடைசிப் பெட்டியின் இடம் கிடைக்கும். டிரஃபால்கர் சதுக்கத்தில் தொடங்கி, கிளியோபாட்ரா ஊசி என்னும் எகிப்தியக் கல்தூண், செயின்ட் பால்ஸ் தேவாலயம், தீவிபத்து நினைவுத்தூண் வழியாக லண்டன் கோபுரத்தருகே முடியும் நடையைத்தான் இங்கே சொல்கிறேன். விடை கெடாமலிருக்கக் கேள்விகளைச் சற்று மாற்றியிருக்கிறேன்.

பேனா எடுத்துப் போங்கள், செல்பேசிக்கு மின்னேற்றுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அது உங்கள் அம்மா சொல்லவேண்டியது.

கல்லைப் படிக்காமல் செல்பேசியைப் படிப்பது

டிரஃபால்கர் சதுக்கத்தை ஒட்டிய அட்மிரால்டி வளைவுக் கட்டடத்தின் உச்சியில் ஒரு லத்தீன் கல்வெட்டு. அதில் உள்ள ஆண்டில் எத்தனை எழுத்துகள் என்று கேட்டால், புதிதாக வருபவர் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். இணையத்தில் தேடி 1910 என்று கண்டுபிடித்து, அதை ரோமன் எண்ணாக மாற்றுவார்: எம், சி, எம், எக்ஸ். நான்கு எழுத்து. ஆனால் கல்லில் வெட்டியிருப்பதோ எம், டி, பிறகு வரிசையாக நான்கு சி, கடைசியில் எக்ஸ். ஏழு எழுத்து. பள்ளிக்கூடத்தில் படித்த ரோமன் எண் இலக்கணம் கல் வெட்டியவருக்குப் பொருட்டல்ல.

நெல்சன் தூணும் இப்படித்தான். உயரம் 185 அடி என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 2006இல் புதுப்பிக்கும்போது லேசர் கொண்டு அளந்ததில் 169 அடிதான் தேறியது. பழைய எண் இன்னும் பல பக்கங்களில் உலவுகிறது. நல்ல நடையை அமைப்பவர் அங்கே நின்று பார்த்தால் மட்டும் தெரிவதைத்தான் கேட்பார். வீட்டிலிருந்தே விடையைத் தேடிக்கொண்டு வருபவர் ஊரையும் பார்க்கமாட்டார், பெட்டியையும் பார்க்கமாட்டார்.

மேற்கைக் கிழக்கு என்று போடுவது

இதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

நான் சென்னையில் வளர்ந்தவன். சென்னை, கிழக்குத் தீர்க்கரேகை 80 பாகை. மதுரையில் தேடினாலும் யாழ்ப்பாணத்தில் தேடினாலும் கிழக்குதான். எண்ணை இட்டதும் கருவி தானாகவே கிழக்கு என்று வைத்துக்கொள்ளும், நாமும் அந்த எழுத்தைக் கவனிப்பதே இல்லை. லண்டனில் அந்த ஓர் எழுத்துதான் ஆளைக் கவிழ்க்கிறது. பூஜ்ய ரேகை கிரீனிச்சில், அதாவது நகரத்துக்குள்ளேயே ஓடுகிறது. சுற்றுலாப் பயணி பார்க்கும் பெரும்பாலான இடங்கள் அதற்கு மேற்கே. ஆனால் கிழக்கே போனாலும் லண்டன்தான். வேறெங்காவது இந்தத் தவறைச் செய்திருந்தால் உடனே பிடிபட்டிருக்கும். சென்னையின் எண்ணில் திசையை மாற்றினால் அம்புக்குறி கரீபியன் கடலைக் காட்டும். இங்கிலாந்தின் மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வாலில் மாற்றினால் பெல்ஜியம் வரும். குழந்தைகூடச் சிரித்துவிடும். லண்டனிலோ, நம்பும்படியான ஒரு தெரு வருகிறது. ரயிலும் போகிறது.

என் கதை இது. காலை ஒன்பதுக்குத் தொடங்கி, எல்லா எண்ணும் சரியாக எடுத்து, கோபுரத்தின் அகழியோரம் உட்கார்ந்து கூட்டிக் கழித்தேன். கிடைத்த எண் சரி: வடக்கு 51 பாகை 30.4 நிமிடம், தீர்க்கரேகை 0 பாகை 4.3 நிமிடம். (இங்கே நிமிடம் என்பது பாகையின் அறுபதில் ஒரு பங்கு. கடைசி இலக்கங்களைச் சொல்லமாட்டேன்.) கருவியில் இட்டேன். பத்து கிலோமீட்டர், கிழக்கே, என்றது. அதுவரை முழுக்க நடந்தே வந்த பாதை கடைசியில் மட்டும் பத்து கிலோமீட்டர் தாவுமா என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அருகிலிருந்த டவர் கேட்வே நிலையத்திலிருந்து ஓட்டுநர் இல்லாத டிஎல்ஆர் ரயில் நேரே அந்தப் பக்கம்தான் போகிறது என்பதை வரைபடத்தில் பார்த்ததும், ஆகா, நடையை அமைத்தவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்று மெச்சிக்கொண்டேன்.

காலியன்ஸ் ரீச் நிலையத்தில் இறங்கினேன். அம்புக்குறி பழைய கப்பல்துறையின் நீர்க்கரைக்கு இட்டுச் சென்றது. பெட்டி வைத்தவர் தந்த குறிப்பு என்ன சொன்னது? ‘காந்தம், படகுகளைப் பார்த்தபடி.’ எதிரே படகுகள்! இரும்புக் கைப்பிடிகளும் ஏராளம். சுண்டுவிரல் நுனி அளவுள்ள காந்தக் குப்பியைத் தேடி ஒவ்வொரு கம்பியாக அடிப்பக்கம் தடவினேன். மழை பிடித்துக்கொண்டது. நாயோடு வந்த ஒரு பெண்மணி, மோதிரம் தொலைந்துவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பாவம், அவரும் கொஞ்ச நேரம் தேடினார்.

இரண்டு மணி நேரம் போனது. அதைவிட மோசமானதை வீட்டுக்கு வந்து செய்தேன். ‘பெட்டி காணவில்லை, தயவுசெய்து சரிபார்க்கவும்’ என்று பெட்டியின் உரிமையாளருக்கு எழுதினேன். அந்த மனிதர் ஒரு வேலைநாளில் ரயிலேறிப் போய்ப் பார்த்திருக்கிறார். பெட்டி செயின்ட் கேத்தரின் கப்பல்துறையில், வைத்த இடத்திலேயே இருந்தது. நான் ரயிலேறிய நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. அங்கேயும் படகுகள், அங்கேயும் கம்பிகள். ‘இருக்கிறது’ என்று ஒரே சொல்லில் பதில் போட்டார். இரண்டு வசவு வைதிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

அக்கா மகன் என்னைப் போலக் கைக்கருவி வைத்திருக்கவில்லை. செல்பேசி வரைபடத்தில் தசம எண்ணாக இட்டான், தீர்க்கரேகைக்கு முன்னால் வரவேண்டிய கழித்தல் குறியை விட்டுவிட்டான். கருவி மாறியிருக்கிறது, நீர்க்கரை மாறவில்லை.

ஆகவே, எண் கிடைத்தவுடன் எழுந்து ஓடாதீர்கள். வரைபடத்தைச் சுருக்கி, கடைசியாக நின்ற இடமும் புதுப் புள்ளியும் ஒன்றாகத் தெரியும்படி வைத்துப் பாருங்கள். நடைப்பாதையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் காட்டினால் முதலில் திசையெழுத்தைச் சந்தேகியுங்கள், அடுத்து உங்கள் கணக்கை, கடைசியாகத்தான் பெட்டி வைத்தவரை.

இன்னொன்று. கிரீனிச் வானாய்வகத்தில் தரையில் பதித்த கோட்டின் மேல் நின்று கருவியைப் பார்த்தால் பூஜ்யம் வராது. மேற்கு 0.088 நிமிடம் என்று காட்டும். ஜிபிஎஸ்ஸின் பூஜ்ய ரேகை அங்கிருந்து 102 மீட்டர் கிழக்கே இருக்கிறது. பழைய கோட்டை அந்த இடத்தின் ஈர்ப்புவிசை காட்டிய செங்குத்தை வைத்துக் குறித்தார்கள். ஜிபிஎஸ் பூமியின் மையத்தை வைத்துக் கணக்கிடுகிறது. கருவி பழுது என்று நினைத்து அங்கேயே அதை அணைத்து அணைத்துப் போடுகிறவர்களை வாரந்தோறும் பார்க்கலாம்.

நிமிடமும் தசமமும்

51.5080 பாகை என்பது 51 பாகை 50.80 நிமிடம் அல்ல, 30.480 நிமிடம். புள்ளிக்குப் பின்னால் வரும் பகுதியை அறுபதால் பெருக்குங்கள்.

கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே அம்புக்குறியை நம்புவது

வங்கிகள் நிறைந்த சிட்டி பகுதியில் சமிக்ஞை கட்டடங்களில் பட்டு எதிரொலித்து வருகிறது. அம்புக்குறி சாலையின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையலறை என்று அலையும். அந்தக் கடைக்குள் நுழைந்து கேட்டவர்களும் உண்டு. கொஞ்சம் திறந்தவெளிக்கு வந்து, கருவி நிலைகொள்ளும்வரை நின்று, திசையை மனத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு கருவியைப் பையில் போட்டுவிடுங்கள். கடைசி இருபது மீட்டருக்குக் கண்ணும் குறிப்பும் போதும்.

திருடனைப் போலத் தேடுவது

சுற்றுமுற்றும் பார்த்து, சட்டென்று குனிந்து, கையை விட்டு, எதையோ எடுத்து மறைத்தால் யாருக்கும் சந்தேகம் வரும். 2011இல் யார்க்‌ஷயரின் வெதர்பி ஊரில் ஒருவர் பூத்தொட்டியடியில் ஒரு பெட்டியை வைத்ததைப் பார்த்தவர்கள் போலீஸை அழைத்தார்கள். வெடிகுண்டுப் பிரிவு வந்து அந்தப் பெட்டியை வெடிக்கச் செய்தது. உட்கார்ந்து தேநீர் குடியுங்கள், ஷூ நாடாவைக் கட்டுங்கள், நிதானமாகத் தேடுங்கள். போலீஸ் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். மோதிரக் கதை வேண்டாம்.

குப்பியை ‘இன்னும் நல்ல இடத்தில்’ வைப்பது

எடுத்த இடத்திலேயே வையுங்கள்.

கிடைக்கவில்லை என்று எழுத வெட்கப்படுவது

பெட்டியின் இணையப் பக்கத்தில் எழுதுங்கள். ‘எனக்குக் கிடைக்கவில்லை’ என்பது ஒன்று, ‘பெட்டி இல்லை’ என்பது வேறொன்று. அக்கா மகன் இரண்டாவதை எழுதும் முன் எனக்கு அனுப்பினான். மறு சனிக்கிழமை ஆறு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டான். கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுத, குப்பிக்குள் இருக்கும் தாள்சுருளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். அவன் பெயருக்குப் பின்னால் பெரிய எழுத்தில் ‘மேற்கு’ என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தது.