6 கிலோ முதுகுப்பையும் ஒரு கைபேசியும்: மலர்ப் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்களுக்கு

முதுகில் 12 கிலோ சுமந்து மலையேறுகிறவர் படம் எடுப்பதற்காக நிற்பதில்லை. மூச்சு வாங்குவதற்காக நிற்கிறார், நின்ற இடத்தில் கண்ணில் படுவதை எடுத்துக்கொண்டு மேலே நடக்கிறார். நல்ல காட்சி பெரும்பாலும் பாதையிலிருந்து நான்கு அடி கீழே குனிந்தால்தான் கிடைக்கும். பாரம் ஏற்றிய முதுகுக்குக் குனிய மனம் வராது. மலையில் கைபேசியால் எடுக்கும் படங்களின் தரம் கைபேசியின் விலையைவிடப் பையின் எடையைப் பொறுத்தே அமைகிறது என்பது என் கருத்து. உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதை விளக்குகிறேன். கூடாரமும் அடுப்பும் தேவைப்படாத பயணம் என்பதால், பையைக் குறைத்துப் பழகுவதற்கு அதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை.

பள்ளத்தாக்கு ஆண்டுதோறும் ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை திறந்திருக்கும். ஜூலை நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை பூக்கள் மிகுதி. ரிஷிகேஷிலிருந்து கோவிந்த்காட் வரை சாலைப் பயணம், அங்கிருந்து புல்னா வரை உள்ளூர் ஜீப், பிறகு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நடை. அந்த நடையின் முடிவில், சுமார் 3,050 மீட்டர் உயரத்தில், காங்கரியா என்னும் சிற்றூர் இருக்கிறது. பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா என்பதால் உள்ளே இரவு தங்க அனுமதி இல்லை; ஆகவே காங்கரியாவில் அறை எடுத்து, காலையில் பள்ளத்தாக்குக்குப் போய் மாலைக்குள் திரும்ப வேண்டும். வழியெங்கும் தாபாக்கள் எனப்படும் சிறு உணவுக்கடைகள் உண்டு. சமையல் பொருள் எதுவும் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் பூக்கும் பருவமும் மழைப் பருவமும் அங்கே ஒன்றே. மண்சரிவால் சாலை அடைபடுவது வழக்கம் என்பதால், திரும்பும் பயணச்சீட்டுக்கு முன்பாக இரண்டு நாட்களையாவது உபரியாக வைத்துக்கொள்வது நல்லது.

எடை குறைந்த பயணம் என்பதற்கு மலையேறுகிறவர்களிடையே ஒரு கணக்கு உண்டு. உணவு, தண்ணீர், எரிபொருள் நீங்கலாகப் பையின் எடை 9 கிலோவுக்குள் இருந்தால் அது எடை குறைந்த பை, 4.5 கிலோவுக்குள் இருந்தால் மிக எடை குறைந்த பை. கூடாரத்தோடு போகிறவர்களுக்கு இரண்டாவது எல்லையைத் தொடுவது கடினம், செலவும் அதிகம். அறையில் தங்குகிற நமக்கு அது கைக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. சமையலறைத் தராசு ஒன்றை எடுத்துவைத்து, கொண்டுபோக நினைக்கும் ஒவ்வொன்றையும் நிறுத்துத் தாளில் எழுதுவதே முதல் வேலை. தூக்கிப் பார்த்து அனுமானிப்பது பயன் தராது. ஒரு ஜீன்ஸ் காற்சட்டை 600 கிராமுக்கு மேல் இருக்கும் என்பதும், நனைந்தால் அது அந்த மழையில் இரண்டு நாளானாலும் காயாது என்பதும் எழுதிப் பார்க்கும்போதுதான் உறைக்கும்.

என் பட்டியல் இவ்வாறு அமைகிறது. 35 லிட்டர் கொள்ளளவுள்ள பை 900 கிராம். அதன் உள்ளே விரிக்கும் தடித்த பிளாஸ்டிக் உறை 50 கிராம். பைக்கு மேலே மாட்டும் மழை உறையைவிட உள்ளே விரிக்கும் உறையே நம்பகமானது, ஏனென்றால் முதுகுப் பக்கமாக வழியும் நீரை மேலுறையால் தடுக்க முடியாது. மழைச் சட்டை 300, ஃப்ளீஸ் மேலாடை 300, உள்ளே அணியும் தெர்மல் உடை 300, மாற்றுக் காற்சட்டை 300, சீக்கிரம் உலரும் டி-சர்ட் இரண்டு 300, உள்ளாடைகளும் காலுறைகளும் 300, அறையில் போடும் செருப்பு 350, தலையில் மாட்டும் விளக்கு 80, மருந்தும் சோப்பும் சேர்த்து 300 கிராம். துவட்டிக்கொள்ள 150 கிராம் எடையுள்ள மெல்லிய ஈரிழைத் துண்டு போதும். மலையேற்றக் கடைகளில் விற்கும் விலையுயர்ந்த துவாலை எதுவும் எனக்கு அதைவிட நன்றாக உழைக்கவில்லை. மடக்குக் குடை 250 கிராம். கைபேசி 200, பவர் பேங்க் 220, சார்ஜரும் கேபிளும் 100. கூட்டினால் ஏறத்தாழ 4.4 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீரும் அரைக்கிலோ கடலை மிட்டாயும் வறுகடலையும் சேர்ந்தால் 6 கிலோவை ஒட்டி நிற்கும். லென்ஸோடு கூடிய ஒரு கேமரா, முக்காலி, அவற்றுக்கான சார்ஜர் என்று எடுத்துப்போனால் அந்தப் பகுதி மட்டுமே இரண்டு, இரண்டரைக் கிலோவைத் தொட்டுவிடும். கேமராவின் படம் உயர்ந்தது என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. மழையில் அது பைக்குள்ளேயே கிடக்கும் என்பதுதான் சிக்கல்.

குடையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். மலையேறுகிறவர்களில் பலர் அதைக் கேலி செய்வார்கள். ஆனால் ஈரமான தொடுதிரை விரலையும் மழைத்துளியையும் வேறுபடுத்திப் பார்க்கத் தெரியாமல் குழம்பும். லென்ஸின் மேல் ஒரு துளி விழுந்தாலும் படம் முழுதும் மங்கிப்போகும். தோளுக்கும் பைப் பட்டைக்கும் இடையில் குடைக் கம்பைச் செருகிக்கொண்டால் இரு கைகளும் கைபேசிக்குக் கிடைக்கும். கைபேசி நீர் புகாத வகையைச் சேர்ந்தது என்று விளம்பரம் சொன்னாலும், அந்தச் சோதனை புதிய கருவியின் மீது நன்னீரில் நடத்தப்பட்டது. இரண்டாண்டு பயன்படுத்தி இரண்டு முறை கீழே விழுந்த கைபேசிக்கு அந்த உறுதி பொருந்தாது. காற்று பலமாக வீசும் திறந்த சரிவில் மட்டும் குடையை மடக்கிவிட வேண்டும்.

கைபேசி இருக்க வேண்டிய இடம் பையின் தோள்பட்டை, மார்பு உயரத்தில். பழைய பெல்ட் பை ஒன்றை அந்தப் பட்டையில் தைத்துக்கொண்டாலே போதும். காற்சட்டைப் பையில் வைத்தால் ஒவ்வொரு படிக்கும் தொடையில் இடிக்கும். மழைச் சட்டைக்குள் வைத்தால் உடலின் வியர்வை ஆவி குளிர்ந்த லென்ஸின் மேல் படிந்து பனிமூட்டம்போல் ஆகிவிடும். வெளியிலிருந்து தாபாவுக்குள் நுழையும்போதும் இதே தொல்லை உண்டு. அடுப்பின் வெதுவெதுப்பும் தேநீர் ஆவியும் நிறைந்த அறையில் குளிர்ந்த கைபேசியை உடனே வெளியே எடுக்காமல், மூடிய ஜிப் உறைக்குள்ளேயே பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவைத்தால் ஈரம் உறையின் மேல் படியுமே தவிர லென்ஸின் மேல் படியாது. லென்ஸ் துடைக்கும் சிறு துணிகள் இரண்டைத் தனி உறையில் வையுங்கள். இரண்டும் சேர்ந்து 10 கிராம்கூட வராது, ஆனால் கைபேசிப் படங்கள் மங்கலாக வருவதற்கு விரல் எண்ணெய்தான் பெரும்பாலும் காரணம்.

மின்சாரக் கணக்கை வீட்டிலேயே போட்டுவிட வேண்டும். 10,000 எம்ஏஎச் என்று எழுதப்பட்ட பவர் பேங்க் அத்தனையையும் கைபேசிக்குத் தருவதில்லை. மின்னழுத்த மாற்றத்திலும் வெப்பத்திலும் போனது போக, 5,000 எம்ஏஎச் பேட்டரியை ஏறத்தாழ ஒன்றேகால் முறை நிரப்பும். முழு சார்ஜோடு புறப்பட்டு, நாளுக்குப் பாதி பேட்டரி என்று செலவழித்தால் நான்கு நாட்களுக்குத் தாங்கும். காங்கரியாவில் மின்சாரம் எப்போதும் இருக்கும் என்று நம்பித் திட்டமிடக் கூடாது. கிடைத்தால் அது இலாபம். நாளுக்குப் பாதி என்ற வரம்புக்குள் நிற்க, ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுவதே பெரிய வழி. சிக்னல் இல்லாத மலையிடுக்கில் கைபேசி கோபுரத்தைத் தேடித் தேடியே பேட்டரியைக் கரைக்கும். ஜிபிஎஸ் அந்த நிலையிலும் வேலை செய்யும் என்பதால், முன்கூட்டியே தரவிறக்கி வைத்த வரைபடத்தைப் பயன்படுத்தத் தடையில்லை. குளிரில் லித்தியம் பேட்டரி சோர்ந்துபோகும். இரவில் கைபேசியையும் பவர் பேங்க்கையும் துணியில் சுற்றிப் போர்வைக்குள் வைத்துக்கொள்வது பலன் தரும். 20 சதவீதத்துக்குக் கீழே போனால் படம் எடுப்பதை நிறுத்திவிடுங்கள். அந்த மிச்சம் அவசரத்துக்கானது. விமானத்தில் போகிறவர்கள் பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்குப் பெட்டியில் போட அனுமதி இல்லை.

இனிப் படத்துக்கு வருவோம். மேகம் மூடிய வானத்தைப் பார்த்துப் பலர் முகம் சுளிப்பார்கள். பூக்களுக்கு அதுவே சிறந்த வெளிச்சம். நிழல் கடுமையாக விழாது, இதழின் நரம்புகள் தெரியும். பள்ளத்தாக்கில் பெரும் பரப்பை இளஞ்சிவப்பாக்கி நிற்பது இமயமலை பால்சம், நம் வீட்டு முற்றத்துக் காசித்தும்பையின் உறவு. இந்த நிறத்தில்தான் கைபேசிகள் தடுமாறுகின்றன. சிவப்பும் இளஞ்சிவப்பும் அளவுக்கு மீறி ஏறி, இதழ் முழுதும் ஒரே வண்ணப்பூச்சாகிவிடும். திரையில் பூவின் மேல் விரலை அழுத்திப் பிடித்துக் குவியத்தைப் பூட்டி, பிறகு விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். படம் எடுக்கும்போது கொஞ்சம் இருட்டாகத் தெரிந்தாலும், அதில் மடிப்புகள் தப்பித்திருக்கும். பிறகு திருத்தும்போது வெளிச்சத்தை வேண்டிய அளவு தூக்கிக்கொள்ளலாம்.

நீலப் பாப்பி ஜூலையில் பாறைச் சரிவுகளில் தென்படும். அதன் இதழ் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியது என்பதால், பூவுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வரும்படி நின்றால் நீலம் விளக்கேற்றியதுபோல் தெரியும். அப்போது பின்னணி வெள்ளை வானமாக இருக்கக் கூடாது, தொலைவிலுள்ள கரும்பச்சைச் சரிவாக இருக்க வேண்டும். அதற்கு ஓரடி இடம் மாறினாலே போதும். சேனைக்கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்த, படமெடுத்த பாம்பைப் போன்ற நாகலில்லியைப் பக்கவாட்டிலிருந்து, பூவின் உயரத்துக்குக் குனிந்து எடுங்கள். காற்றில் பூ ஆடினால் தொடர்ச்சியாகப் பத்துப் படங்கள் எடுத்து ஒன்றை வைத்துக்கொள்ளலாம், அல்லது உங்கள் உடலையே காற்றுக்குத் தடுப்பாக்கலாம். விரலால் திரையை விரித்துப் பெரிதாக்குவது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதற்குச் சமம். தொலைவை அருகே காட்டும் தனி டெலி லென்ஸ் இல்லாத கைபேசியில் அதைத் தவிர்த்துவிட்டுக் கால்களால் அருகே போக வேண்டும்.

ஆனால் பாதையை விட்டு இறங்கி அருகே போகக் கூடாது. மிதிபடும் செடிகளுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் சார்பில் 1939-இல் இங்கு வந்த ஜோன் மார்கரெட் லெக், பாறைச் சரிவில் பூக்களைச் சேகரிக்கும்போது கால் வழுக்கி விழுந்து இறந்தார். அவருடைய கல்லறை பள்ளத்தாக்குக்குள்ளேயே இருக்கிறது. ஈரப்பாறையில் திரையைப் பார்த்தபடி ஓரடிகூட எடுத்துவைக்காதீர்கள்: நில்லுங்கள், எடுங்கள், கைபேசியை உறைக்குள் போடுங்கள், பிறகு நடங்கள். காங்கரியா பாதையில் கோவேறு கழுதைகள் வரும்போது எப்போதும் மலைப்பக்கமாக ஒதுங்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் நின்று அவற்றைப் படமெடுப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

மலைக்குளம் ஒன்றின் கரையில் உள்ள சீக்கியப் புனிதத் தலமான ஹேம்குண்ட் சாகிப் போகிறவர்கள் காங்கரியாவிலிருந்து 6 கிலோமீட்டர் செங்குத்தாக ஏற வேண்டும். உயரம் 4,000 மீட்டரைத் தாண்டுவதால், பள்ளத்தாக்கை முதல் நாளும் ஹேம்குண்டை மறுநாளும் வைத்துக்கொண்டால் உடல் கொஞ்சம் பழகியிருக்கும். தலைவலியும் குமட்டலும் கூடிக்கொண்டே போனால் படத்தை மறந்து கீழே இறங்கிவிட வேண்டும். ஆகஸ்டில் அந்தப் பாறைகளுக்கிடையே பிரம்ம கமலம் பூத்திருக்கும். நம் ஊரில் இரவில் மலரும் கள்ளிப்பூவைப் பிரம்ம கமலம் என்று சொல்லி அக்கம்பக்கத்தாரை அழைத்துக் காட்டுகிறோம். அது வேறு, இது வேறு. உத்தராகண்டின் மாநில மலரான இது சாமந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது, வெளிறிய காகிதம் போன்ற உறைகளுக்குள் ஊதா நிறப் பூத்தலைகளை மறைத்து வைத்திருக்கும். வெளிறிய நிறத்தைக் கைபேசி வெள்ளையாக எரித்துவிடும் என்பதால், இங்கேயும் வெளிச்சத்தைக் குறைத்தே எடுக்க வேண்டும். யாத்திரிகர்களையும் சுமை தூக்குவோரையும் கேட்காமல் எடுக்காதீர்கள். குளத்தில் நீராடுகிறவர்கள் பக்கம் கைபேசியைத் திருப்பவே வேண்டாம்.

மாலையில் அறைக்குத் திரும்பியதும் அன்றைய படங்களைப் பார்த்து ஒரே மாதிரியானவற்றை அழிக்கும் பழக்கம் இடத்தை மிச்சப்படுத்தும், பேட்டரியைச் செலவழிக்கும். ஆகவே கால்மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். காணொளியை 4கே தரத்தில் எடுத்தால் நிமிடத்துக்குச் சில நூறு எம்பி போய்விடும். அருவிக்கும் மேகம் நகர்வதற்கும் சாதாரண எச்டி தரமே போதும். சார்ஜ் துளையில் ஈரம் இருந்தால் கேபிளைச் செருகாமல், துளையைக் கீழ்நோக்கி வைத்து உலர விடுங்கள்.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே, கட்டிய பையோடு திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பிறகு சோளிங்கர் போன்ற படிகள் நிறைந்த மலைக்கோயில் ஒன்றில் அதே பையோடு ஏறி இறங்குங்கள். தோளில் எந்தப் பட்டை அறுக்கிறது, கைபேசியை ஒரு கையால் எடுத்து மீண்டும் வைக்க முடிகிறதா என்பவை அப்போதே தெரிந்துவிடும்.

திரும்பி வந்ததும் பையைக் கொட்டி, தினமும் பயன்பட்டவை, ஓரிரு முறை பயன்பட்டவை, தொடாதவை என்று மூன்று குவியல்களாகப் பிரியுங்கள். மருந்தையும் தலை விளக்கையும் தவிர, மூன்றாவது குவியலில் இருப்பவை அடுத்த முறை வீட்டிலேயே இருக்கட்டும். என்னிடம் அப்படி முதலில் கழிந்தது சிறிய முக்காலி; அதன் வேலையை ஒரு தட்டைக் கல்லும் 3 விநாடி டைமரும் பார்த்துக்கொண்டன. அடுத்து கழிந்தது இரண்டாவது காற்சட்டை என்று எழுதத்தான் ஆசை, ஆனால் காங்கரியாவில் முழங்கால் வரை நனைந்த மாலைக்குப் பிறகு அது மீண்டும் பட்டியலில் ஏறிவிட்டது.