நான்கு வரிக் குறிப்புக்கு ஹியூகோ: காலையில் எழுதியது மாலையில் வந்த கதை

என் இணையதளத்தில் நான்கு வரிக் குறிப்பு எழுதுவதற்காக உலாவியைத் திறந்து, கடவுச்சொல் கொடுத்து, எழுதும் பக்கம் ஏறும்வரை காத்திருப்பது எனக்கு அலுத்துவிட்டது. இப்போது எல்லாம் முனையத்திலேயே (கட்டளைகளைத் தட்டும் திரை) முடிகிறது. கருவியின் பெயர் ஹியூகோ. கோ மொழியில் எழுதப்பட்ட ஒற்றை நிரல், தரவுத்தளம் வேண்டாம். மார்க்டவுனில் (எளிய குறிகளோடு எழுதும் முறை) எழுதிக் கொடுத்தால் எச்டிஎம்எல் பக்கமாக்கி, அதாவது உலாவி காட்டும் வலைப்பக்கமாக்கித் தரும். (கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்து.)

உபுண்டு லினக்ஸில் ஆப்ட் (மென்பொருள் நிறுவும் கட்டளை) வழியாகக் கிடைப்பது பெரும்பாலும் பழைய பதிப்பு. புதிய தீம்கள் (தளத்தின் தோற்றத்தை முடிவு செய்யும் கோப்புத் தொகுப்புகள்) அதில் முரண்டு பிடிக்கும். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உள்ள ஹியூகோவின் வெளியீட்டுப் பக்கத்திலிருந்து நேராக இறக்கிக்கொள்ளுங்கள்.

பிறகு ‘ஹியூகோ நியூ சைட் நோட்ஸ்’. நோட்ஸ் என்ற கோப்புறை உருவாகும். ஏதாவது ஒரு தீம் எடுத்து அதனுள் இருக்கும் தீம்ஸ் கோப்புறையில் வைத்து, அதன் பெயரையும் உங்கள் தளத்தின் முகவரியையும் ‘ஹியூகோ.டாம்ல்’ கோப்பில் எழுதுங்கள். தீம் பார்ப்பதிலேயே ஒரு வாரத்தைத் தொலைக்காதீர்கள். நான் தொலைத்தேன்.

குறிப்பு எழுத: ‘ஹியூகோ நியூ கன்டென்ட் போஸ்ட்ஸ்/20250614.எம்டி’. கோப்புக்குத் தேதியையே பெயராக வைப்பது என் பழக்கம். தமிழிலும் வைக்கலாம், ஆனால் முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது ‘மழை’ என்ற சின்னச் சொல் சதவீதக் குறிகளோடு 27 எழுத்துகளாக நீண்டுவிடும்.

கோப்பைத் திறந்தால் தலையில் தலைப்பு, தேதி, ‘டிராஃப்ட் = ட்ரூ’ ஆகியவை இருக்கும். ட்ரூ என்று இருக்கும்வரை அது வரைவு; வெளியே வராது. ‘ஹியூகோ சர்வர்’ கட்டளையோடு கழித்தல் குறியும் பெரிய டியும் சேர்த்தால் உங்கள் கணினியிலேயே 1313 என்ற போர்ட்டில் (உலாவியில் ‘லோக்கல்ஹோஸ்ட்:1313’) முன்னோட்டம் தெரியும், வரைவுகளும் சேர்ந்தே. முன்னோட்டத்தில் தெரிகிறதே என்று நம்பி அப்படியே ஏற்றினால் தளத்தில் ஒன்றும் இருக்காது. சின்னக் குறிப்புகளுக்கு வரைவு எதற்கு? ஆர்க்கிடைப்ஸ் கோப்புறையில் உள்ள ‘டிஃபால்ட்.எம்டி’யில் (புதிய குறிப்புகளுக்கான அச்சு இதுதான்) ஒரேயடியாக ஃபால்ஸ் என்று மாற்றிவிட்டேன்.

என்னை உண்மையில் படுத்தியது வேறு. ஒரு நாள் காலை 8.15க்கு ஒரு குறிப்பு. சோம்பலில் தேதி வரியைக் கையால் அடித்தேன். இறுதியில் வரவேண்டிய ‘+05:30’ஐ, அதாவது இந்திய நேர வித்தியாசத்தை, விட்டுவிட்டேன். பக்கங்களை உருவாக்க ‘ஹியூகோ’ என்று தட்டினேன். பக்கங்களின் எண்ணிக்கையைக் காட்டிவிட்டு, ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் சமர்த்தாக முடிந்தது. குறிப்பு மட்டும் இல்லை. தீம் மாற்றினேன், கோப்பை இடம் மாற்றினேன், மதியம் வரை ஒன்றும் பலிக்கவில்லை. மாலையில் வேறு எதற்கோ ஹியூகோவை ஓட்டியபோது காலைக் குறிப்பு தானாக வந்து நின்றது!

நேர வித்தியாசம் குறிப்பிடாத தேதியை ஹியூகோ உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கில் என் 8.15 என்பது நம் பிற்பகல் 1.45. எதிர்காலத் தேதியிட்ட பதிவை அது வெளியிடாது; வெளியிடவில்லை என்று சொல்லவும் செய்யாது. இந்த மௌனத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தீர்வு ஒரே வரி: ‘ஹியூகோ.டாம்ல்’ கோப்பின் மேற்பகுதியில், சதுர அடைப்புக்குறித் தலைப்புகள் தொடங்குவதற்கு முன், டைம்ஸோன் என்பதற்கு ‘ஏசியா/கொல்கத்தா’ என்று கொடுங்கள். இங்கே எல்லாம் சிற்றெழுத்து அல்ல: ‘டைம்’ சிற்றெழுத்தில், ‘ஸோன்’ பெரிய எழுத்தில் தொடங்கும்; ‘ஏசியா’, ‘கொல்கத்தா’ இரண்டும் பெரிய எழுத்தில் தொடங்கும். இனி எது காணாமல் போனாலும் முதலில் ‘ஹியூகோ லிஸ்ட் ஃபியூச்சர்’, அடுத்து ‘ஹியூகோ லிஸ்ட் டிராஃப்ட்ஸ்’. ஒளிந்திருப்பவை அகப்படும்.

உருவான பக்கங்கள் பப்ளிக் கோப்புறையில் இருக்கும். ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுத்து அனுப்பும் கட்டளை) மூலம் சர்வருக்கு அனுப்புகிறேன். எஃப்டிபி மென்பொருளில் இழுத்துப் போடுவது எனக்குப் பொறுமையைச் சோதிக்கும் வேலை.

பின்சேர்க்கை: டைம்ஸோனுக்கு என்ன கொடுப்பது என்று சிங்கப்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். அங்கே ‘ஏசியா/சிங்கப்பூர்’, அந்த வரி இல்லாவிட்டால் எட்டு மணி நேரம் தள்ளிப்போகும்.

இன்னொரு பின்சேர்க்கை: குறிப்பை அழித்த பிறகும் தளத்தில் தெரிகிறது என்று ஒருவர் எழுதினார். பப்ளிக் கோப்புறையில் கிடக்கும் பழைய பக்கங்களை ஹியூகோ துடைப்பதில்லை. அந்தக் கோப்புறையை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள், ஆர்சிங்கிலும் ‘டெலீட்’ தெரிவைச் சேருங்கள். அதற்குமுன் சேரிடத்தின் பெயரை இருமுறை பாருங்கள். தவறான கோப்புறையைக் கொடுத்தால் அங்கிருப்பதையும் அது துடைத்துவிடும்.