பழைய பேரிங்கை எறிவதற்கு முன்

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவில் நான் வேலை பார்த்தபோது, ஒரே மோட்டாருக்கு ஓராண்டுக்குள் மூன்று முறை பேரிங் மாற்றினோம். சுழலும் தண்டைத் தாங்குவது பேரிங்; ஒரு உள்வளையம், ஒரு வெளிவளையம், நடுவே உருளும் குண்டுகள். இரைச்சல் கேட்கும், ஃபிட்டர் கழற்றுவார், அதே நம்பரில் புதியது வரும், பழையது இரும்புக் கழிவுத் தொட்டியில் விழும். சரக்கு சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். நான்காவது முறை, தொட்டிக்குப் போகவிருந்ததை எடுத்து வெட்டிப் பார்த்தோம். வெளிவளையத்தில் குண்டுகள் ஓடும் பாதை முழுக்க, சீப்பை அழுத்தி எடுத்ததுபோல் ஒரே இடைவெளியில் குறுக்குக் கோடுகள். கிரீஸ் கரியாகியிருந்தது.

அந்த மோட்டாருக்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் பொருத்திய பிறகுதான் தொல்லை தொடங்கியது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. டிரைவிலிருந்து துடித்துத் துடித்து வரும் மின்னழுத்தம் தண்டில் சேர்ந்து, கிரீஸ் படலத்தைத் துளைத்துக்கொண்டு பேரிங் வழியாக எர்த்துக்குப் பாய்கிறது. பாயும்போதெல்லாம் ஒரு பொறி. பொறி விழுந்த இடத்தில் எஃகு உருகி ஒரு நுண்ணிய குழி. அதே வகைப் பேரிங்கை எத்தனை முறை மாற்றினாலும் கதை இதுதான். தண்டை எர்த் செய்யும் பிரஷ்ஷோ, பீங்கான் பூச்சுள்ள பேரிங்கோ, பீங்கான் குண்டு போட்ட ஹைப்ரிட் பேரிங்கோ வேண்டும். வெல்டிங் செய்யும்போது எர்த் கிளாம்பைக் கைக்கு எட்டிய இடத்தில் மாட்டிவிடுகிறோமே, அதுவும் இதே கேட்டைச் செய்யும். வெல்டு விழும் இடத்துக்குப் பக்கத்திலேயே கிளாம்பை மாட்டவில்லை என்றால், மின்சாரம் இடையில் உள்ள பேரிங்கைத் தாண்டித்தான் திரும்பிப் போகும்.

அதனால் பேரிங் விஷயத்தில் நடக்கும் தவறுகளில், பழையதைப் பார்க்காமல் எறிவதைத்தான் நான் முதலில் வைப்பேன். கழற்றுவதற்கு முன்பே வெளிவளையத்தில் மேல்பக்கம் எது என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு வைஸில் பிடித்து, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, எதிரெதிரே இரண்டு இடத்தில் கிரைண்டரால் வெட்டுங்கள். சுத்தியலால் உடைக்க வேண்டாம். கடினப்படுத்திய எஃகு சில்லாகத் தெறிக்கும்.

உள்ளே பார்த்தால் அது தன் கதையைச் சொல்லும். பெல்ட் ஓட்டும் மோட்டாரில் உள்வளையத்தில் சுற்றிலும் தேய்வுத் தடம், வெளிவளையத்தில் ஒரு பக்கம் மட்டும் தடம் என்றால் இயல்பான உழைப்பு. இரண்டிலும் சுற்றிலும் தடம் பதிந்து, வைக்கோல் நிறத்திலிருந்து நீலம் வரை ஓடியிருந்தால், உள்ளே இடைவெளி போதாமல் நெரிந்து சூடாகியிருக்கிறது. தடம் நேராக ஓடாமல் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் சாய்ந்து போனால் தண்டு நேர்கோட்டில் இல்லை. குண்டுகளுக்கு இடையே உள்ள அதே தூரத்தில் பள்ளங்கள் இருந்தால், மாட்டும்போது யாரோ சுத்தியலால் அடித்திருக்கிறார்கள். வெளிவளையத்தின் முதுகு பளபளத்து, செம்பழுப்புத் தூள் ஒட்டியிருந்தால், வளையமே ஹவுசிங்குக்குள், அதாவது பேரிங் உட்காரும் கூட்டுக்குள், சுழன்றிருக்கிறது.

நம்பரைப் பாதி சொல்லி வாங்குவது

கடைக்குப் போய் "6205 கொடுங்கள்" என்கிறோம். 62 என்பது வரிசை. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் தண்டின் விட்டம்: 05 என்றால் 25 மில்லிமீட்டர். இந்தக் கணக்கு 04 முதல்தான். 00, 01, 02, 03 ஆகியவை முறையே 10, 12, 15, 17. ஆக 6205 என்பது 25 உள்விட்டம், 52 வெளிவிட்டம், 15 அகலம். அளவு மட்டும்தான் இது. அதற்குப் பின்னால் வரும் எழுத்துகளில்தான் குணம் இருக்கிறது. இசட்இசட் என்றால் இரு பக்கமும் தகர மூடி. தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. 2ஆர்எஸ் என்றால் ரப்பர் சீல். தண்ணீரையும் ஓரளவு தடுக்கும், ஆனால் உதடு உரசுவதால் அதிவேகத்துக்கு ஒத்துவராது. மாவு மில்லுக்கும் பம்புக்கும் அதிவேக ஸ்பிண்டிலுக்கும் ஒரே மூடி பொருந்தாது.

அடிக்கடி விட்டுப்போவது சி3. குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அது குறிக்கிறது. 6205இல் சாதாரண வகைக்கு 5 முதல் 20 மைக்ரான், சி3 வகைக்கு 13 முதல் 28 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமயிரின் தடிமனில் பாதிகூட இல்லாத சங்கதி. மோட்டார் சூடேறும்போது தண்டும் உள்வளையமும் வெளிவளையத்தைவிட அதிகமாக விரியும்; இறுக்கமாக ஏற்றியதிலேயே உள்வளையம் கொஞ்சம் பெருத்திருக்கும். இரண்டும் சேர்ந்து அந்த இடைவெளியைத் தின்றுவிடும். அதனால்தான் மோட்டார்களில் பெரும்பாலும் சி3 போடுகிறார்கள். அதற்காக எல்லா இடத்திலும் சி3 என்று போடுவதும் சரியில்லை. சூடேறாத, துல்லியம் வேண்டிய இடத்தில் அது ஆட்டமும் சத்தமும்தான் தரும். பழைய பேரிங்கில் உள்ள நம்பரை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். முன்பு மாற்றியவர் கிடைத்ததைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். இயந்திரத்தின் பெயர்த்தகட்டையோ கையேட்டையோ ஒருமுறை பாருங்கள்.

பெரியதைப் போட்டால் அதிக நாள் உழைக்கும் என்று நம்மில் ஒரு நம்பிக்கை உண்டு. பெல்ட் ஓட்டும் பெரிய மோட்டாரில் இழுவை அதிகம் என்பதால் உருளைப் பேரிங் போடுவார்கள். அதே மோட்டாரைக் கழற்றி, பெல்ட் இல்லாமல் தண்டோடு தண்டை இணைக்கும் நேரடிக் கப்ளிங்கில் மாட்டினால், உருளைகளை அழுத்தப் போதுமான சுமை இருக்காது. அவை உருளாமல் சறுக்கும்; சறுக்கினால் பாதை பொருக்குத் தட்டும். பேரிங்குக்குக் குறைந்தபட்சச் சுமை என்று ஒன்று வேண்டும் என்பதைக் கேட்டு, அனுபவப்பட்ட ஃபிட்டர்களே நம்பாமல் சிரித்திருக்கிறார்கள்.

மறுபக்கம், சுமை கூடினால் ஆயுள் சரியும் வேகம் பயங்கரமானது. குண்டு பேரிங்கில் சுமை இரண்டு மடங்கானால் கணக்குப்படி ஆயுள் எட்டில் ஒரு பங்கு. பெல்ட் நழுவுகிறது என்று புல்லி தேய்ந்திருப்பதைப் பார்க்காமல் போல்ட்டை மேலும் இரண்டு திருகு முறுக்கிவிட்டுப் போகிறவர், பேரிங்கின் ஆயுளை அங்கேயே கத்தரித்துவிட்டுப் போகிறார்.

கோணல் தண்டும் இப்படித்தான். சாதாரண குண்டு பேரிங் ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் சாய்வைத் தாங்காது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் ஒரு துணி ஆலையில் பொறியாளராக இருந்த ஸ்வென் விங்குவிஸ்ட்டுக்கு இதே தலைவலி. ஆலை நின்றது களிமண் நிலத்தில். நிலம் அசைய அசைய நீண்ட தண்டுகள் கோணி, பேரிங்குகள் போய்க்கொண்டே இருந்தன. சுமார் 2.5 டிகிரி வரை தானாகச் சாய்ந்துகொடுக்கும் இரட்டை வரிசைக் குண்டு பேரிங்கை அவர் உருவாக்கினார். எஸ்கேஎஃப் நிறுவனம் 1907இல் அதிலிருந்துதான் பிறந்தது. நூற்பாலைக்காரனான எனக்கு இதில் கொஞ்சம் பெருமை.

சுத்தியல்

இறுக்கமாக உட்காரும் வளையத்தை மட்டுமே தள்ள வேண்டும். மோட்டார் தண்டில் உள்வளையம் இறுக்கம். அதனால் உள்வளையத்தில் மட்டும் முட்டும் குழாயை வைத்துத் தள்ள வேண்டும். பைக் சக்கரத்தில் வெளிவளையம் இறுக்கம். அங்கே வெளிவளையத்தைத்தான் தள்ள வேண்டும். மாற்றித் தட்டினால் அடி முழுவதும் குண்டுகள் வழியாகப் போய்ப் பாதையில் பள்ளம் விழும். கண்ணுக்குத் தெரியாது. சுற்றிப் பார்த்தால் நன்றாகவே சுற்றும். ஓட ஆரம்பித்த சில வாரங்களில் ஊளையிடும்.

சூடேற்றி மாட்டுவது நல்ல வழி. மூடியில்லாத பேரிங்குக்கு 110 டிகிரி செல்சியஸ் போதும். அறைச் சூட்டிலிருந்து 80 டிகிரி ஏறினால் 25 மில்லிமீட்டர் துளை சுமார் 24 மைக்ரான் விரியும். தண்டு கே6 என்ற பொருத்த அளவில் கடையப்பட்டிருந்தால், 25 மில்லிமீட்டருக்கு மேல் அதிகபட்சம் 15 மைக்ரான்தான் தடித்திருக்கும். தானாக வழுக்கிப் போய் உட்கார்ந்துவிடும். கேஸ் விளக்கை நேரடியாகக் காட்டுவது தவறு; ஒரு பக்கம் வெந்து எஃகின் கடினம் போய்விடும். கிரீஸ் நிரப்பி மூடிய பேரிங்கை 80 டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது, எண்ணெயில் முக்கவும் கூடாது.

இனி, எனக்கு மிகவும் எரிச்சல் தரும் ஒரு கைவேலை. தண்டு தேய்ந்து பேரிங் லொடலொடவென்று இருக்கும். கூர்முனையுள்ள சென்டர் பஞ்ச்சை எடுத்துத் தண்டைச் சுற்றி நூறு புள்ளி குத்துவார்கள். விளிம்புகள் எழும்பி நிற்கும். பேரிங் கிண்ணென்று ஏறும். பார்த்தவர் கைதட்டுவார். ஆனால் அந்த வளையம் இப்போது சில முள்முனைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சுமை ஏறியதும் முனைகள் மழுங்கும். வளையம் தண்டின்மேல் நழுவி ஊர ஆரம்பிக்கும். தண்டு இன்னும் தேயும். தேய்மானம் சில மைக்ரான்தான் என்றால் பேரிங்குக்கென்றே விற்கும் பிடிப்புப் பசை இருக்கிறது. அதற்கு மேல் என்றால் உலோகம் பூசி அரைத்து அளவுக்குக் கொண்டுவருவதுதான் வழி. வேலை நிற்கிறது, உற்பத்தி போகிறது என்ற அவசரத்தில் புள்ளி குத்தியாக வேண்டிய நாளும் வரும், மறுக்கவில்லை. அன்றைக்கே அடுத்த நிறுத்தத்துக்கான தேதியையும் எழுதிவையுங்கள்.

கிரீஸ்

கொஞ்சமாக வைப்பதால் கெடுவதுபோலவே அள்ளி வைப்பதாலும் கெடும். உள்ளே இருக்கும் வெற்றிடத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை போதும். முழுக்க அடைத்தால் குண்டுகள் கிரீஸைக் கடைந்துகொண்டே ஓடும், சூடாகும், எண்ணெய் பிரிந்து வழியும். சூடாகிறதே என்று இன்னும் இரண்டு முறை கிரீஸ் கன்னை அழுத்துவோம். மறுமுறை நிரப்பும் அளவுக்கு ஒரு எளிய கணக்கு: வெளிவிட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் பெருக்கி 0.005ஆல் பெருக்கினால் கிராம் கிடைக்கும். 6310க்கு வெளிவிட்டம் 110, அகலம் 27 என்றால் சுமார் 15 கிராம். உங்கள் கிரீஸ் கன் ஒரு அழுத்துக்கு எத்தனை கிராம் தள்ளுகிறது என்று ஒருமுறை தராசில் நிறுத்துப் பாருங்கள். கிரீஸ் உள்ளே போகும் நிப்பிளைத் துடைத்துவிட்டு, வடிகால் அடைப்பைத் திறந்துவைத்து, பிறகு அழுத்துங்கள்.

நிறத்தைப் பார்த்து கிரீஸ் வாங்காதீர்கள். சிவப்பும் நீலமும் வெறும் சாயம். எண்ணெயைக் கெட்டிப்படுத்தியிருப்பது லித்தியமா, பாலியூரியாவா என்று டப்பாவில் பாருங்கள். இரண்டையும் கலந்தால் பெரும்பாலும் இளகி ஓடிவிடும். வகை மாற்ற வேண்டுமென்றால் பழையதை முழுக்கக் கழுவி எடுத்த பிறகுதான். துடைப்பதற்குப் பனியன் வேஸ்ட் வேண்டாம்; அதன் நூல்பிசிறு கிரீஸில் ஒட்டி உள்ளே போகும். கழுவிய பேரிங்கைக் காற்றடித்துச் சுழலவிட்டு அந்த விசிலைக் கேட்பது பட்டறைகளில் ஒரு விளையாட்டு. எண்ணெய் இல்லாமல் அந்த வேகத்தில் சுழன்றால் பாதை கீறும். வளையம் வெடித்து ஆளைக் காயப்படுத்தவும் கூடும்.

வண்டிகளில்

வாட்டர் சர்வீஸில் பீய்ச்சும் தண்ணீரைச் சக்கர அச்சுக்கும், ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் உள்ள கோன் செட்டுக்கும் நேராகக் காட்டச் சொல்லாதீர்கள். அந்த அழுத்தத்துக்கு ரப்பர் சீல் நிற்காது.

பைக்கின் சக்கரத்தில் இரு பேரிங்குக்கும் நடுவே ஒரு குழாய் இருக்கும். ஒரு பக்கத்தை முழுக்க உட்காரவைத்து, குழாயை உள்ளே விட்டு, மறுபக்கப் பேரிங் குழாயில் தொட்டதும் நிறுத்த வேண்டும். குழாயை மறந்துவிட்டால் அச்சு நட்டை முறுக்கும்போது உள்வளையங்கள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நெருக்கப்பட்டு, புதுப் பேரிங் சீக்கிரமே போய்விடும். லாரி, டிராக்டர் ஹப்பில் கூம்பு உருளைப் பேரிங்குகளை, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு கையேடு சொல்லும் அளவு தளர்த்தி, புதிய காட்டர் பின் போட வேண்டும். இறுக்கினபடியே விடுவதுதான் அங்கே வழக்கமான பிழை.

காரில் வேகத்தோடு கூடும் ஊளைச்சத்தம் டயரா, பேரிங்கா என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். காலிச் சாலையில் மெல்ல இடம் வலம் ஒடித்துப் பாருங்கள். இடப்பக்கம் திரும்பும்போது எடை வலப்பக்கச் சக்கரத்துக்குப் போகும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்கப் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். ஏபிஎஸ் உள்ள பல கார்களில் பேரிங்கின் ஒரு பக்கச் சீலில் காந்தம் பதித்திருக்கும். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து நிற்க வேண்டும். திருப்பி மாட்டினால் சக்கரம் நன்றாகவே ஓடும், டேஷ்போர்டில் விளக்கு மட்டும் அணையாது. இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே தெரிவதால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. குண்டூசியை அருகில் கொண்டுபோனால் லேசாக ஒட்டுவதுதான் காந்தப் பக்கம். மாட்டும்வரை அந்தப் பேரிங்கைக் காந்தமுள்ள கருவித் தட்டில் வைக்காதீர்கள்.