மலை ஸ்டோர் கேமரா: போனில் படத்தை உறைய வைக்கும் செட்டிங் தவறுகள்

தோட்டம் வண்டன்மேட்டுப் பக்கம், வீடு கம்பத்திலோ போடியிலோ. ஸ்டோரில் ஏலக்காய் உலரும் ராத்திரிகளில் வீட்டிலிருந்தே ஒரு பார்வை பார்க்கத்தான் பலரும் கேமரா மாட்டுகிறார்கள். போனில் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. டவர் சரியில்லை என்று சிம்மை மாற்றுவதற்கு முன் கேமராவின் வீடியோ செட்டிங்கைப் பாருங்கள்.

போனிலும் மெயின் ஸ்ட்ரீமையே திறப்பதுதான் பெரிய தவறு. கேமரா ஒரே நேரத்தில் இரண்டு ஸ்ட்ரீம் (வீடியோ ஓட்டம்) தருகிறது: ஹார்ட் டிஸ்கில் பதிய மெயின்; தூரத்திலிருந்து பார்க்க, அளவில் சிறிய சப். மெயின் 4 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 4 மெகாபிட் டேட்டா) என்றால், நான்கு கேமராவைச் சேர்த்துத் திறக்கும்போது 16 வேண்டும். சிம் ரூட்டரில் டவுன்லோட் 20 காட்டினாலும் அப்லோட் 2, 3-க்கு மேல் ஏறாத இடங்கள் மலையில் உண்டு. கேமராவுக்கு வேண்டியது அப்லோட்தான். சப் ஸ்ட்ரீமை எச்.264 (வீடியோவைச் சுருக்கும் முறை), படத்தின் அளவு 640×360, விநாடிக்கு 10 ஃப்ரேம், 384 கேபிபிஎஸ் (ஆயிரம் சேர்ந்தால் ஒரு எம்பிபிஎஸ்) என்று வையுங்கள். நான்கும் சேர்ந்து ஏறக்குறைய ஒன்றரை எம்பிபிஎஸ்ஸில் அடங்கிவிடும். சப்பிலும் இன்னும் அதிகமாகச் சுருக்கும் எச்.265 வைத்தால் சில பழைய போன்களில் கறுப்புத் திரைதான் வரும்.

பிட்ரேட்டை, அதாவது விநாடிக்கு இத்தனை எம்பிபிஎஸ் என்ற அளவை, ஏற்றிக்கொண்டே போனால் படம் தெளியும் என்பதும் தப்புக்கணக்கு. 1 எம்பிபிஎஸ் நாள் முழுக்க ஓடினால் 10.8 ஜிபி பிடிக்கும். எட்டு கேமரா, ஆளுக்கு 4 என்றால் நாளுக்கு 345 ஜிபி. 2 டிபி டிஸ்க் ஆறு நாளுக்குள் நிரம்பி, பழையதை அழிக்கத் தொடங்கும். ஒரு மூட்டை காணோம் என்பது பத்து நாள் கழித்துத் தெரிந்தால் பார்க்க எதுவும் மிஞ்சாது. மெயினை எச்.265, 15 ஃப்ரேம், 2 எம்பிபிஎஸ் என்று இறக்கினால் பதினோரு நாள் தாங்கும். ஆள் நடமாட்டத்துக்கு 15 ஃப்ரேம் தாராளம். வண்டி நம்பர் தெரிய வேண்டிய கேட்டில்கூட ஃப்ரேமைவிட ஷட்டர் வேகமும் வெளிச்சமும்தான் முக்கியம்.

பகலில் நன்றாக ஓடும் கேமரா ராத்திரி திணறுவதற்கு மூடுபனி ஒரு முக்கியக் காரணம். விபிஆர் என்ற மாறும் பிட்ரேட் முறையில் காட்சி அசையாதபோது பிட்ரேட் இறங்கும், அசைந்தால் ஏறும். கேமராவின் ஐஆர் (அகச்சிவப்பு) வெளிச்சம் பனித்துளிகளில் பட்டுத் திரும்பும்போது திரை முழுக்க வெண்மை நகர்ந்துகொண்டே இருக்கும். இருட்டில் கெயின் (படத்தை வெளிச்சமாக்க சிக்னலைப் பெருக்கும் அளவு) ஏறிப் புள்ளி புள்ளியாக இரைச்சலும் வரும். அத்தனையையும் கேமரா அசைவு என்றே எடுத்துக்கொள்வதால் பிட்ரேட் உச்சவரம்பில் போய் முட்டும். ஆகவே வரம்பைப் பகலை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். சப் ஸ்ட்ரீமுக்கு சிபிஆர் (பிட்ரேட் மாறாத முறை) கொடுங்கள். கெயின் உச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள்.

ஐ ஃப்ரேம் இடைவெளியைப் பலர் தொடுவதே இல்லை. முழுப்படம் அந்த ஃப்ரேமில் மட்டும்தான் வரும். நடுவில் வருவதெல்லாம் மாற்றங்கள். 10 ஃப்ரேம் ஓடும் சப்பில் இடைவெளி 100 என்றால், திறந்ததும் படம் வரவே பத்து விநாடி ஆகலாம். வழியில் ஒரு பாக்கெட் (டேட்டாத் துண்டு) தொலைந்தாலும் அடுத்த ஐ ஃப்ரேம் வரும்வரை படம் குழம்பியே நிற்கும். 20 வையுங்கள். டேட்டாவை மிச்சம் பிடிக்கும் ஸ்மார்ட் கோடெக் வசதி ஆனில் இருந்தால் இந்த இடைவெளியைக் கேமராவே நீட்டிவிடும். சப்பில் அதை அணைத்துவிடுங்கள். ஆர்டிஎஸ்பி (கேமரா வீடியோ அனுப்பும் முறை) யூடிபியில் இருந்தால், தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பும் டிசிபிக்கு மாற்றுங்கள்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். செட்டிங்கில் 60 இருந்தால் டியூப்லைட் அடியில் படம் மினுக்கும். நேர மண்டலம் +5:30 இல்லையென்றால் பதிவைத் தேடுவதே பெரும்பாடு.

வெளியிலிருந்து பார்ப்பதற்காக 554 போர்ட்டை (ஆர்டிஎஸ்பி வீடியோவுக்கான வாசல்) ரூட்டரில் திறந்துவிடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். சிம் இணைப்பில் பெரும்பாலும் அது வேலை செய்யாது; ஃபைபரில் வேலை செய்தால் ஊர் உலகமே கதவைத் தட்டும். விபிஎன் (இணையத்துக்குள் பூட்டிய தனிப்பாதை) வழியாகவோ, பாஸ்வேர்டை மாற்றியபின் கம்பெனி ஆப் வழியாகவோ பாருங்கள்.

செட்டிங் போட்டவர் ஸ்டோர் வைஃபையிலேயே போனைக் காட்டி, ‘சூப்பரா வருது’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அங்கே வீடியோ சிம்மைத் தாண்டி வெளியே போயிருக்கவே வேண்டியதில்லை. வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில், இருட்டிய பிறகு, எல்லாக் கேமராவையும் ஒன்றாகத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.