டைமிங் முதலில், கார்புரேட்டர் கடைசியில்: புதுப்பித்த செவர்லே 350 என்ஜினை டியூன் செய்யும் முறை

1967 மாடல் கமாரோவில் அறிமுகமான 350 கன அங்குல வி8 என்ஜின், அதாவது நம் கணக்கில் 5.7 லிட்டர், செவர்லே 1955இல் தொடங்கிய ஸ்மால் பிளாக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதை முழுவதும் பிரித்து, சிலிண்டர்களைக் கடைந்து அகலமாக்கி, வால்வுகளைக் கூடுதலாகத் தூக்கும் கேம்ஷாஃப்டும் நான்கு பேரல் ஹாலி கார்புரேட்டரும் பூட்டி வெளியே எடுத்த பிறகு ஐடிலிங் நிலைக்காமல் தடுமாறினால், பெரும்பாலோர் கை நேராகக் கார்புரேட்டருக்குத்தான் போகிறது. நான் பார்த்தவரை பாதிக்கு மேற்பட்ட கோளாறுகள், பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரிலோ, எங்கோ காற்று இழுப்பதிலோ இருக்கின்றன. ஆகவே எண்ணெய், கேம், டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்), காற்றுக் கசிவு ஆகிய நான்கும் சரி என்று தெரியும்வரை, கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டைத் தொடாதீர்கள்.

முதல் முறை ஸ்டார்ட் செய்யுமுன் எண்ணெய் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிவிட்டு, அந்தத் துளை வழியாக ஆயில் பம்பின் தண்டை டிரில் மெஷினால் வலப்புறமாகச் சுழற்றினால் கேஜில் அழுத்தம் ஏறும். கிராங்கை இடையிடையே கையால் திருப்பிக்கொண்டே, வால்வுகளை அழுத்தும் 16 ராக்கர்களிலும் எண்ணெய் கசிந்து வரும்வரை இதைத் தொடர வேண்டும். இந்த என்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரின் உடல்பகுதியே எண்ணெய்ப் பாதையில் ஓர் அடைப்பாக நிற்கிறது. எனவே வெறும் கம்பியைச் செருகிச் சுழற்றினால் சில ராக்கர்கள் காய்ந்தே கிடக்கும். பற்சக்கரம் நீக்கிய பழைய டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்று இருந்தால் இந்த வேலைக்கு அதுவே போதும்.

ஃப்ளாட் டேப்பெட் வகைக் கேம், அதாவது உருளை இல்லாத தட்டையான லிஃப்டர்கள் மேலே உராயும் வகை, பூட்டியிருந்தால் முதல் அரைமணி நேரம்தான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. கேமின் முனைகளுக்கு எண்ணெய் கிராங்கிலிருந்து சிதறித்தான் கிடைக்கிறது; ஐடிலில் அந்தச் சிதறல் போதாது. அதனால் கார்புரேட்டரின் கிண்ணங்களை முன்பே பெட்ரோலால் நிரப்பி, டைமிங்கைத் தோராயமாகச் சரியான இடத்தில் வைத்து, நீண்ட நேரம் கிராங்க் செய்யாமல் உடனே பிடித்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பிடித்தவுடன் 2000 முதல் 2500 ஆர்பிஎம் வரை வேகத்தை ஏற்றி இறக்கியபடி 20 முதல் 30 நிமிடம் ஓட்ட வேண்டும். எண்ணெயில் துத்தநாகமும் பாஸ்பரஸும் போதிய அளவு இருக்க வேண்டும். இன்றைய கார்களுக்கான சாதாரண எண்ணெய்களில் அவை குறைவு. இரட்டை வால்வு ஸ்பிரிங் இருந்தால் உட்புற ஸ்பிரிங்கை இந்த அரைமணி நேரத்துக்குக் கழற்றி வைப்பது நல்லது. இடையில் தண்ணீர் கசிந்தாலோ சத்தம் மாறினாலோ என்ஜினை அணைத்துச் சரிசெய்துவிட்டு மீண்டும் தொடரலாம்; ஐடிலில் விட்டபடி தேடுவதுதான் தவறு.

அடுத்தது டைமிங். டைமிங் லைட்டை நம்புமுன், கிராங்கின் முன்முனையில் இருக்கும் பேலன்சரில் உள்ள கோட்டை நம்பலாமா என்று பாருங்கள். பேலன்சரின் வெளி வளையம் ரப்பரால்தான் பிடிக்கப்பட்டிருக்கிறது. ஐம்பது ஆண்டுப் பழைய ரப்பர் வழுக்கியிருக்கலாம். வேறு ஆண்டின் டைமிங் கவரையும் பேலன்சரையும் சேர்த்துப் பூட்டியிருந்தாலும் கோடு பொய் சொல்லும். என் நண்பர் ஒருவர் தம் 1969 கமாரோவுக்கு மூன்று வார இறுதிகள் ஜெட் மாற்றிக்கொண்டே இருந்தார். லைட் 12 டிகிரி அட்வான்ஸ் (பிஸ்டன் உச்சிக்கு வருமுன் பொறி விழும் அளவு) என்றது. வளையம் 8 டிகிரி நகர்ந்திருந்ததால் என்ஜினுக்குக் கிடைத்ததோ வெறும் 4 டிகிரி.

இதைக் கண்டுபிடிக்க, எல்லா பிளக்குகளையும் கழற்றி, முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பைத் திருகுங்கள். கிராங்கைக் கையால் மட்டும், ஒரு திசையில் பிஸ்டன் முட்டும்வரை மெல்லத் திருப்பி, டைமிங் முள்ளின் பூஜ்யத்துக்கு நேரே பேலன்சரில் சாக்பீஸ் கோடு போடுங்கள். எதிர்த்திசையில் திருப்பி இன்னொரு கோடு போடுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் உண்மையான டிடிசி, அதாவது பிஸ்டனின் உச்சி நிலை. 8 அங்குல பேலன்சரானால், அடுத்து நமக்குத் தேவைப்படும் மொத்த அட்வான்ஸான 36 டிகிரி என்பது சுற்றளவில் சரியாகப் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 64 மில்லிமீட்டர். முன்னாலிருந்து பார்க்கையில் டிடிசி கோட்டிலிருந்து வலப்புறமாக அளந்து ஒரு வெள்ளைக் கோடு போட்டுவிட்டால், விலை உயர்ந்த டைமிங் லைட் தேவையில்லை.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சி.பி. பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனை) இருந்தால் முதலில் ட்வெல் கோணத்தை, அதாவது பாயிண்ட் மூடியிருக்கும் அளவை, 28 முதல் 32 டிகிரிக்குள் வையுங்கள், ஏனெனில் ட்வெல் மாறினால் டைமிங்கும் மாறும். பிறகு வேக்யூம் அட்வான்ஸ் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, அட்வான்ஸ் மேலும் ஏறாமல் நிற்கும்வரை, பொதுவாக 3000 ஆர்பிஎம் அளவுக்கு, ரேஸ் செய்து, பழைய வகை இரும்பு ஹெட்டுக்கு மொத்தம் 34 முதல் 36 டிகிரி கிடைக்கும்படி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புங்கள். ரோட்டர் வலமாகச் சுற்றுவதால் உடலை இடமாகத் திருப்பினால் அட்வான்ஸ் கூடும். பெரிய கேம் ஐடிலில் 14 முதல் 18 டிகிரிவரை கேட்கும்; அதைக் கொடுக்கும்போது மொத்தம் 36ஐத் தாண்டினால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வேகத்துக்கேற்ப அட்வான்ஸைக் கூட்டும் எடைகளின் நகர்வைக் குறைக்க வேண்டும். மேட்டில் ஏறும்போது தகர டப்பாவில் சில்லறையைக் குலுக்கியதுபோல் நாக்கிங் கேட்டால் 2 டிகிரி குறையுங்கள். இந்தச் சத்தத்தோடு ஓட்டிப் பழகுவது பிஸ்டனுக்கு எமன்.

இப்போது மேனிஃபோல்டில் வேக்யூம் கேஜை மாட்டுங்கள். சாதாரண கேமுக்கு 17 முதல் 21 அங்குலமும் (பாதரச அளவில்), பெரிய கேமுக்கு 10 முதல் 14 அங்குலமும் காட்டலாம். முள் ஒரே சீரான இடைவெளியில் சொடுக்கி விழுந்தால் ஏதோ ஒரு வால்வு சரியாக மூடவில்லை. ஹைட்ராலிக் லிஃப்டரை அளவுக்கு மீறி இறுக்கியிருப்பதும் இதற்குக் காரணமாகும். லிஃப்டருக்கும் ராக்கருக்கும் நடுவிலுள்ள புஷ்ராடின் ஆட்டம் நின்ற இடத்திலிருந்து ராக்கர் நட்டை அரைச் சுற்று இறுக்கினால் போதும். முள் சீராக நின்றாலும் அளவு குறைவாக இருந்தால் காற்றுக் கசிவைத் தேடுங்கள். புதுப்பித்த என்ஜினில் மட்டும் வரும் ஒரு கசிவு உண்டு: ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவியிருந்தால், இன்டேக் மேனிஃபோல்டின் அடிப்பக்கம் காஸ்கெட்டோடு ஒட்டாமல், லிஃப்டர்கள் இருக்கும் பள்ளத்திலிருந்து எண்ணெய் ஆவியை உறிஞ்சும். வெளியே எதைத் தெளித்தாலும் இது அகப்படாது. என்ஜினுள் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்கு இழுக்கும் பி.சி.வி. குழாயைக் கழற்றி இரண்டு முனைகளையும் அடைத்து, பிரீதரையும் மூடிவிட்டு, எண்ணெய் ஊற்றும் துளைமேல் ஒரு தாளை வைத்துப் பாருங்கள். தாள் உள்ளே இழுபட்டால் இதுதான் காரணம்.

இவ்வளவும் முடிந்த பிறகு கார்புரேட்டர். அளவு முதலில்: 350ஐ 6000 ஆர்பிஎம்மால் பெருக்கி 3456ஆல் வகுத்தால், சிலிண்டர் முழுவதும் நிரம்பினால்கூட நிமிடத்துக்கு 608 கன அடிக் காற்றே தேவைப்படுகிறது. தெருவில் ஓடும் காருக்கு 600 கன அடி ஹாலி போதும். பெரிதாக இருந்தால் கௌரவம் என்று 850 பூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல், பார்வைத் துளையின் அடிவிளிம்பைத் தொட்டு நிற்க வேண்டும். ஐடில் கலவைத் திருகுகளை முழுக்க மூடி ஒன்றரைச் சுற்று திறந்து, வேக்யூம் அதிகபட்சம் வரும்வரை எல்லாவற்றையும் சம அளவில் திருப்புங்கள். திருகுகளை முழுக்க மூடியும் என்ஜின் அணையாவிட்டால் இரண்டில் ஒன்று: பவர் வால்வு (பாரம் கூடும்போது கூடுதல் பெட்ரோல் விடும் வால்வு) கிழிந்திருக்கிறது, அல்லது ஐடில் வேகத்துக்காகத் த்ராட்டிலை அதிகம் திறந்ததால், கீழேயுள்ள டிரான்ஸ்ஃபர் பிளவு வெளிப்பட்டு அதன் வழியே பெட்ரோல் கொட்டுகிறது. பின்னதற்கு மருந்து, ஐடிலில் அட்வான்ஸைக் கூட்டி த்ராட்டிலை மூடுவதே. பவர் வால்வின் எண், ஐடில் வேக்யூமில் பாதியளவு இருக்கலாம்: 13 அங்குலமானால் பாதி 6.5, அதாவது 65 எண் வால்வு.

ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் ஒரு நொடி அமுங்கிப் பிறகு பாய்ந்தால் கார்புரேட்டரிலுள்ள ஆக்சிலேட்டர் பம்ப்பின் நெம்புகோலைப் பாருங்கள். த்ராட்டில் அசைந்த அதே கணத்தில் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும், நடுவில் ஆட்டம் இருக்கக்கூடாது. சாவியைத் திருப்பும்போது பிடித்து, விட்டவுடன் அணைந்தால் காயிலுக்குப் போகும் ரெசிஸ்டர் வயர் அறுந்திருக்கும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது மட்டும் வேறு வயர் வழியாக முழு மின்சாரம் கிடைக்கிறது. உயர் வேகத்தில் மிஸ்ஸிங் வந்தால் 5, 7 சிலிண்டர்களின் பிளக் வயர்களைத் தனித்தனியே பிரித்து வையுங்கள். 1-8-4-3-6-5-7-2 என்ற வரிசையில் அவை அடுத்தடுத்து வெடிப்பதோடு அருகருகேயும் இருப்பதால், ஒட்டிக் கிடக்கும் வயர்களில் ஒன்றின் பொறி மற்றொன்றுக்குத் தாவிவிடும்.

800 கிலோமீட்டர் ஓடியதும் எண்ணெயை மாற்றி, இன்டேக் போல்ட்டுகளின் இறுக்கத்தைப் பாருங்கள். அப்போது பாயிண்ட்டின் உராய்வுக் கட்டை தேய்ந்து இடைவெளி குறைந்திருக்கும்; அதனால் டைமிங்கும் ஓரிரு டிகிரி பின்தங்கியிருக்கும். ட்வெல்லை மறுபடி வைத்துவிட்டுப் பிறகு டைமிங் லைட்டை எடுங்கள்.