இங்கிலாந்துப் பள்ளியில் பகுதி நேர டீச்சிங் அசிஸ்டென்ட்: சம்பளக் கணக்கு முதல் வகுப்பறை வேலை வரை

ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலை தேடும் தமிழ்ப் பெற்றோர் பலர் முதலில் விசாரிப்பது டி.ஏ. எனும் டீச்சிங் அசிஸ்டென்ட் (வகுப்பில் ஆசிரியருக்கு உதவுபவர்) வேலையைத்தான். பள்ளி நேரம், பள்ளி விடுமுறை, வீட்டுக்குப் பக்கம் என்று மூன்றும் சேர்ந்து வருவதால் போட்டியும் உண்டு. கீழே உள்ளவை இங்கிலாந்து ஆரம்பப் பள்ளிகளுக்குப் பொருந்தும். ஸ்காட்லாந்தில் பின்னணிச் சோதனை முதல் சம்பள அட்டவணை வரை வேறு.

சம்பளத்தை முதலில் கணக்குப் போடுங்கள்

விளம்பரத்தில் உதாரணமாக 24,000 பவுண்டு என்று போட்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘எஃப்.டி.இ.’ (முழு நேரத்துக்கான தொகை), ‘டெர்ம் டைம் ஒன்லி’ (பள்ளி நடக்கும் வாரங்களில் மட்டும் வேலை) என்று இருக்கும். அந்தத் தொகை வாரம் 37 மணி நேரம், வருடம் முழுக்க வேலை பார்ப்பவருக்கானது. பள்ளி நடப்பது பிள்ளைகளுக்கு 190 நாள், ஆசிரியர் பயிற்சிக்கு 5 நாள், ஆக 39 வாரம். அதோடு விடுமுறைச் சம்பளத்தைச் சேர்த்து சுமார் 44 அல்லது 45 வாரத்துக்குக் கணக்கிடுவார்கள்.

வாரம் 15 மணி நேரம், அதாவது தினமும் காலை 3 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 24,000-ஐ 15-ஆல் பெருக்கி 37-ஆல் வகுத்தால் 9,730. அதை 44.5-ஆல் பெருக்கி 52.14-ஆல் வகுத்தால் சுமார் 8,300. பன்னிரண்டாகப் பிரித்தால் மாதம் 690 பவுண்டு. பள்ளி மூடியிருக்கும் ஆகஸ்ட்டிலும் இதே தொகை வரும். லண்டனில் சில கவுன்சில்கள் முழு வாரத்தை 35 அல்லது 36 மணி நேரமாக எடுப்பதால் வகுக்கும் எண் மாறும். ஒப்பந்தம் 38 வாரமா 39 வாரமா என்றும் கேளுங்கள். 38 என்றால் பயிற்சி நாட்கள் சம்பளத்தில் இல்லை என்று பொருள்.

இந்த அளவு சம்பளத்துக்கு வேறு வருமானம் இல்லாவிட்டால் வருமான வரி கிடையாது. விலக்கு வரம்பு 12,570 பவுண்டு. நேஷனல் இன்ஷூரன்ஸும் பிடிக்க மாட்டார்கள். ஆனால் ஒரே வேலையில் வாரம் 125 பவுண்டைத் தாண்டினால் (2025–26 கணக்கு) அந்த வருடம் அரசு ஓய்வூதியத்துக்குச் சேர்ந்துவிடும். 8 மணி நேர வேலைக்கும் 12 மணி நேர வேலைக்கும் இடையே தேர்வு வந்தால் இந்த வரம்பைப் பார்த்து முடிவெடுங்கள். கவுன்சில் பள்ளி, அகாடமி (அரசுப் பணத்தில் தனி அறக்கட்டளை நடத்தும் பள்ளி) இரண்டிலும் உள்ளாட்சி ஓய்வூதியத் திட்டத்தில் தானாகவே சேர்ப்பார்கள். உங்கள் பங்கு 5.5 சதவீதம், மேலே சொன்ன சம்பளத்தில் மாதம் 38 பவுண்டு. பள்ளி போடும் பங்கு அதைவிட மிக அதிகம். அந்த 38 பவுண்டை மிச்சப்படுத்த எண்ணித் திட்டத்திலிருந்து விலகுவது நஷ்டமான கணக்கு.

ஒப்பந்தத்தில் இன்னொரு வாசகத்தையும் தேடுங்கள். ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்கு இ.எச்.சி.பி. என்ற சிறப்புத் தேவைத் திட்டம் இருந்து, அதற்கான பணத்தில் உங்களை வைத்திருந்தால், பிள்ளை பள்ளி மாறும்போது வேலையும் முடியலாம். ஏஜென்சி வழியாகப் போனால் விடுமுறை வாரங்களில் சம்பளம் வராது. 12 வாரம் ஒரே இடத்தில் ஒரே வேலை பார்த்தபின், நேரடியாக எடுத்தவருக்குத் தரும் அடிப்படைச் சம்பளத்தைக் கேட்கும் உரிமை உண்டு. கேட்காமல் அது தானாக வரும் என்று இருக்க வேண்டாம்.

விண்ணப்பம்

அரசின் டீச்சிங் வேகன்சீஸ் தளம், உங்கள் கவுன்சிலின் வேலைப் பக்கம், பள்ளிகளின் சொந்தத் தளங்கள் ஆகிய மூன்றையும் பாருங்கள். சி.வி.யை மட்டும் அனுப்பினால் வேலைக்காகாது. பிள்ளைகள் பாதுகாப்பு விதிப்படி பள்ளியின் விண்ணப்பப் படிவம் கட்டாயம்.

படிவத்தில் பலர் தடுக்கி விழுவது இடைவெளிகளில். பள்ளிப் படிப்பு முடிந்த நாளிலிருந்து இன்றுவரை மாதம், வருடம் போட்டு எழுத வேண்டும். ‘2016 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை: வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டேன்’ என்பது முழுமையான பதில், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டால்தான் கேள்வி வரும். பள்ளி கேட்கும் தகுதிப் பட்டியலை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் எழுதுங்கள். ‘எனக்குக் குழந்தைகள் என்றால் உயிர்’ என்ற வரி எல்லோருடைய படிவத்திலும் இருக்கும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு வாசிக்கக் கற்றுக் கொடுத்திருந்தால் அதை எழுதுங்கள். அது அனுபவம்தான்.

தகுதி என்று சட்டம் எதையும் வரையறுக்கவில்லை. பெரும்பாலான பள்ளிகள் ஆங்கிலத்திலும் கணக்கிலும் ஜி.சி.எஸ்.இ. (16 வயதில் எழுதும் பள்ளித் தேர்வு) 4-ஆம் தரம் அல்லது அதற்கு ஈடானதைக் கேட்கும். ஊர்ச் சான்றிதழ் இருந்தால் யு.கே. எனிக் நிறுவனத்தில் ஒப்பீட்டுச் சான்று வாங்கலாம். லெவல் 2, லெவல் 3 டி.ஏ. படிப்புகளுக்கு அவசரப்பட்டுப் பணம் கட்ட வேண்டாம். உண்மையான லெவல் 3 டிப்ளமோவுக்குப் பள்ளியில் வேலை பார்ப்பதை நேரில் மதிப்பிட வேண்டும். பள்ளிப் பக்கமே போகாமல் ஆன்லைனில் முடிகிற மலிவுச் சான்றிதழ்களைத் தலைமையாசிரியர்கள் பெரிதாக எண்ணுவதில்லை. அனுபவமே இல்லையென்றால் ஒரு பருவம், வாரம் இரண்டு மணி நேரம், பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்கும் தன்னார்வலராகப் போங்கள். பரிந்துரைக் கடிதமும் அங்கேயே கிடைக்கும்.

நேர்காணலில் பெரும்பாலும் ஒரு சின்னக் குழுவோடு 15, 20 நிமிடம் உட்கார வைப்பார்கள். பிறகு ‘ஒரு பிள்ளை உங்களிடம் ரகசியம் சொல்ல வந்தால் என்ன செய்வீர்கள்?’ என்ற கேள்வி ஏதோ ஒரு வடிவில் வந்தே தீரும். பதில் கீழே பாதுகாப்புப் பகுதியில் இருக்கிறது.

தேர்வானபின் பள்ளியே டி.பி.எஸ். என்ற விரிவான குற்றப் பின்னணிச் சோதனையைத் தொடங்கும். ஐந்து வருட முகவரிகளைத் தேதியோடு தயாராக வையுங்கள். வெளிநாட்டில் வாழ்ந்திருந்தால் அங்குள்ள போலீஸ் சான்றும் கேட்கலாம். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ அது வர நாளாகும் என்பதால் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். சான்றிதழில் உள்ள தேதியிலிருந்து 30 நாளுக்குள் டி.பி.எஸ். அப்டேட் சேவையில் பதிந்துகொண்டால் அடுத்த பள்ளிக்குப் போகும்போது பெரும்பாலும் புதிதாக எடுக்க வேண்டியிருக்காது.

எவ்வளவு உதவி, எப்போது

2009-இல் முடிந்த டிஸ் என்ற பெரிய ஆய்வு பள்ளிகளைத் திடுக்கிட வைத்தது. டி.ஏ. உதவியை அதிகம் பெற்ற பிள்ளைகள், அதே நிலையில் இருந்து குறைவாகப் பெற்றவர்களைவிடக் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள். குற்றம் டி.ஏ.க்கள் மேல் இல்லை. பாடம் என்ன என்று முன்பே சொல்லாமல், ஆசிரியரோடு பேச நேரமும் கொடுக்காமல் அவர்களை நிறுத்தியிருந்தார்கள். பக்கத்திலேயே ஒருவர் இருக்கும்போது ஆசிரியர் அந்தப் பிள்ளையிடம் பேசுவதும் குறைந்துபோனது. வேலையை முடிக்க வைப்பதே குறி என்று ஆனபோது விடையும் பெரியவர் வாயிலிருந்து வந்தது.

அதனால் பாடம் தொடங்குமுன் ஆசிரியரிடம் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள்: இன்று கற்க வேண்டியது என்ன, நான் யாரோடு இருக்க வேண்டும், பாடம் முடியும்போது அந்தப் பிள்ளை நான் இல்லாமல் எதைச் செய்ய வேண்டும். ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் உங்கள் சம்பள நேரத்துக்குள் வருகிறதா என்று வேலையில் சேரும்போதே கேட்பது மரியாதைக் குறைவல்ல. 8.45-க்கு மணி அடிக்க, 8.45-க்கே வேலை தொடங்கும் ஒப்பந்தத்தில் அந்தப் பேச்சுக்கு இடமே இருக்காது.

உதவியைப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். பிள்ளை 34 + 28-ல் நிற்கிறது என்றால்:

1. பேசாதீர்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பாதிப் பிள்ளைகள் இதற்குள் தொடங்கிவிடும்.
2. ‘முதலில் என்ன செய்யலாம்?’ என்று தூண்டுங்கள். எந்தத் தகவலும் தராதீர்கள்.
3. ‘நேற்று எதை வைத்துப் போட்டாய்? சுவரில் இருக்கிறதே’ என்று ஒரு குறிப்பு மட்டும்.
4. 25 + 17-ஐ உங்கள் சின்ன வெள்ளைப் பலகையில், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டுக் காட்டுங்கள். அதே கணக்கைப் போட்டால் பிள்ளை விடையைப் பார்த்து எழுதிவிடும்.
5. இதற்குப் பிறகும் வராவிட்டால்தான் திருத்திச் சொல்வது. சொல்லிவிட்டு, அதே மாதிரி இன்னொன்றைத் தனியாகப் போட விடுங்கள்.

பிள்ளையின் நோட்டில் உங்கள் பென்சில் படக்கூடாது. உதவியோடு செய்ததை உதவியோடு செய்தது என்று பள்ளியின் குறியீட்டில் போடுங்கள். இல்லாவிட்டால் ஆசிரியர் அந்தப் பக்கத்தைப் பார்த்து, பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். ஒரே நாற்காலியில் ஒட்டிக்கொள்ளாமல், தொடங்கிவைத்து மூன்று நிமிடம் வேறு மேசைக்குப் போய்த் திரும்புங்கள்.

ஃபானிக்ஸ்: மெய்யெழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள்

பல பள்ளிகளில் ஃபானிக்ஸ் (எழுத்துகளின் ஒலிகளைச் சேர்த்து வாசிக்கக் கற்பிப்பது) காலையில் நடப்பதால் காலை நேர டி.ஏ.வுக்கு ஒரு குழு கையில் வரும். ஒலியை மட்டும் சொல்ல வேண்டும், பின்னால் உயிரைச் சேர்க்கக்கூடாது. புள்ளி வைத்த எழுத்தாகச் சொல்லுங்கள்: ஸ், இ, ட், சேர்த்தால் ஸிட். இதையே ஸ, இ, ட என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளை ‘ஸயிட’ என்று ஏதோ ஒன்றைச் சேர்க்கும், ஏன் தப்பு என்று அதற்குப் புரியாது. தமிழில் ஒரே எழுத்தால் எழுதும் ஒலிகளில் (bat, bag போன்றவற்றின் முதல் ஒலியும் pen என்பதன் முதல் ஒலியும்) நாக்கைவிடக் காதைப் பழக்க வேண்டும். பள்ளி வாங்கியிருக்கும் திட்டம் லிட்டில் வாண்டிலா, ரீட் ரைட் இங்க்கா என்று கேட்டு, அதன் பயிற்சி வீடியோக்களைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் சொல்லும் சொற்றொடரும் கைச்சைகையும் வேறு. இரண்டையும் கலந்தால் பிள்ளைகள் குழம்பும்.

முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஜூனில் 40 சொல் தேர்வு நடக்கும். அதில் 20 பொருளே இல்லாத இட்டுக்கட்டிய சொற்கள். நன்றாக வாசிக்கும் பிள்ளைகள்தான் இவற்றைத் தெரிந்த சொல்லாக மாற்றிப் படித்துத் தவறவிடும். ‘ஸ்ட்ராம்’ என்பதை ‘ஸ்டார்ம்’ என்று படிப்பார்கள். எழுத்தெழுத்தாக ஒலித்துவிட்டுச் சேர்க்கும் பழக்கத்தை வேகமாகப் படிப்பவர்களிடமும் விடாமல் வையுங்கள்.

பாதுகாப்பும் வாய்க்கட்டுப்பாடும்

ஒவ்வொரு செப்டம்பரும் அரசின் பிள்ளைகள் பாதுகாப்பு வழிகாட்டியின் முதல் பகுதியைப் பிள்ளைகளோடு நேரடியாக வேலை பார்க்கும் எல்லாப் பணியாளரும் படிக்க வேண்டும். பகுதி நேரத்தவருக்கும் விலக்கில்லை. ஒரு பிள்ளை எதையாவது சொல்லத் தொடங்கினால், ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ‘அப்பா அடித்தாரா?’ என்பதுபோல் விடையை வாயில் வைத்துக் கேட்காதீர்கள். கேட்டுக்கொண்டு, பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே எழுதி, தேதியும் நேரமும் போட்டு, அன்றே, வீட்டுக்குப் போகுமுன், பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். உங்கள் வேலை நேரம் 12 மணிக்கு முடிந்தாலும் அவரைப் பார்க்காமல் கிளம்பக்கூடாது.

போன் லாக்கரில் இருக்கட்டும். சொந்தப் போனில் பிள்ளைகளைப் படம் எடுப்பது வேலைக்கே உலை வைக்கும்.

தமிழ் பேசும் பிள்ளை வகுப்பில் இருந்தால், பாடத்தைப் புரியவைக்கத் தமிழில் இரண்டு வார்த்தை சொல்வது நல்ல உதவி. ஆசிரியரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். ஆனால் பாதுகாப்பு தொடர்பான பேச்சில் மொழிபெயர்க்கக் கூப்பிட்டால், வெளியிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அந்தக் குடும்பத்தை உங்களுக்குக் கோயிலில் தெரிந்திருக்கலாம். கடைத்தெருவில் ‘அக்கா, எங்கட பிள்ளை வகுப்பில எப்பிடி?’ என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: ‘மிஸ்ஸிட்ட கேளுங்கோ, நான் சொல்லக் கூடாது.’ பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் அம்மாவாகவோ அப்பாவாகவோ இருந்தாலும், பள்ளியைப் பற்றிய பேச்சு தொடங்கினால் பதில் எழுத வேண்டாம். ஒரு வரியை யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தலைமையாசிரியருக்கு அனுப்பினால், எழுதியவர் பள்ளி ஊழியர் என்றுதான் பார்ப்பார்கள்.