சுவான்ஜோ: ஒரு சீன நகரத்தின் பெயரை ஆங்கிலத்தில் சொல்லும் முறை

சீனாவின் ஃபூஜியன் மாகாணக் கடற்கரையில் ஒரு பழைய துறைமுக நகரம் இருக்கிறது. 1281-ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊர் அதுதான். தமிழ் வணிகர்கள் அங்கே சிவன் கோயில் எழுப்பியிருந்தார்கள். அந்தக் கல்வெட்டைப் பற்றி நம்மவர்கள் ஆங்கிலத்தில் ஆர்வத்தோடு பேசுகிறார்கள். ஆனால் ஊர்ப் பெயர் வந்ததும் ‘குவான்சூ’ என்கிறார்கள். கேட்பவர் அதைத் தெற்கே உள்ள குவாங்ஜோ, அதாவது பழைய காண்டன், என்று எடுத்துக்கொள்கிறார். எழுநூறு ஆண்டுக்கு மேற்பட்ட உறவைச் சொல்ல வந்து, ஊரையே மாற்றிவிடுகிறோம்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. சிங்கப்பூரில் ஒரு சீனப் பெரியவரிடம் இந்தக் கல்வெட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். “காண்டனா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் காகிதக் கைத்துடைப்பான் ஒன்றை எடுத்து, பேனாவால் ஓர் எழுத்தை வரைந்தார். மேல்பாதி ‘வெள்ளை’, கீழ்ப்பாதி ‘தண்ணீர்’, சேர்ந்தால் ‘ஊற்று’. “இந்த ஊரா?” என்று கேட்டுவிட்டு, பெயரை நிதானமாக இரண்டு முறை சொன்னார். அன்று கற்றதையும் பிறகு படித்ததையும் இங்கே படிப்படியாகத் தருகிறேன்.

முதல் படி: எழுத்துக்கூட்டலைப் பாருங்கள்

ஆங்கிலத்தில் இந்தப் பெயர் கியூ, யூ, ஏ, என், இசட், எச், ஓ, யூ என்ற எட்டு எழுத்துகளால் எழுதப்படுகிறது. இது ஆங்கிலேயர் காதால் கேட்டு எழுதிய பெயர் அன்று. 1958-இல் சீன அரசு ஏற்றுக்கொண்ட ‘பின்யின்’ முறை இது. எழுத்துகள் ரோமன், ஒலிகள் சீனம். ஆகவே ஆங்கிலப் பழக்கத்தில் படித்தால் தவறித்தான் போகும். பெயரை ‘குவான்’, ‘ஜோ’ என்ற இடத்தில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ‘குவா’வை அடுத்துத் திருத்துவோம்.

இரண்டாம் படி: கியூ என்றால் ‘ச்ச’

பின்யினில் கியூ எழுத்துக்குக் ‘க’ ஒலியே கிடையாது. ‘பச்சை’ என்று சொல்லும்போது வரும் ச் ஒலிக்கு அது நெருக்கம். ‘சட்டி’யை ஸகரம்போல் சொல்கிற ஒலி அன்று. ஆனால் பச்சையில் மூச்சு வெளியே தள்ளப்படுவதில்லை. இங்கே தள்ளப்பட வேண்டும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து முதலில் ‘பச்சை’ என்று சொல்லுங்கள். பிறகு ஆங்கிலேயர் சொல்வதுபோல் ‘சேர்’ என்று நாற்காலியைச் சொல்லுங்கள். இரண்டாவதில் கையில் காற்றுப் படும். அந்தக் காற்றோடு தொடங்குங்கள்.

அடுத்து வரும் உயிர் ஒலி சற்று நுட்பமானது. கியூவுக்குப் பின்னால் வரும் யூ எழுத்துக்கு உண்மையில் மேலே இரண்டு புள்ளிகள் உண்டு. இந்த இடத்தில் குழப்பம் வராது என்பதால் எழுதாமல் விடுகிறார்கள். உதட்டை ‘ஊ’ சொல்வதுபோல் குவித்துக்கொண்டு, உள்ளே ‘ஈ’ சொல்லிப் பாருங்கள். அதுதான் ஒலி. அதிலிருந்து வழுக்கி ‘யென்’னுக்குப் போனால் சீனர் சொல்வது கிடைக்கும்: ஏறத்தாழ ‘ச்சுயென்’. ஆங்கிலத்தில் அந்த ஒலி இல்லாததால், ஆங்கிலம் பேசுவோர் ‘ச்சுவான்’ அல்லது ‘ச்சுவென்’ என்று நிறுத்திக்கொள்கிறார்கள். இரண்டுமே போதும். ‘க’வில் தொடங்குவது மட்டும் ஆகாது.

மூன்றாம் படி: இசட்-எச் இங்கே ழகரம் அன்று

நம்மை அதிகம் ஏமாற்றுவது இதுதான். கனிமொழி, கோழிக்கோடு என்று எழுதி எழுதி, இசட்டும் எச்சும் சேர்ந்தாலே நம் கண் ‘ழ’ என்று படித்துவிடுகிறது. பின்யினில் அது ‘ஜ’ போன்றது. ஆனால் ழகரப் பழக்கம் வீண் போவதில்லை: ழ சொல்வதுபோல் நாக்கு நுனியை மேலே வளைத்துவிட்டு, அங்கிருந்தே ‘ஜ’ சொல்லுங்கள். சீன ஒலிக்கு மிக அருகில் வந்துவிடுவீர்கள். ஆங்கிலத்தில் பேசும்போது சாதாரண ‘ஜ’வே போதும்.

முடிவில் உள்ள ஓ-யூ இரண்டும் சேர்ந்து ‘ஓ’. ஜோதியில் வரும் ‘ஜோ’. ‘ஜூ’வும் இல்லை, ‘சௌ’வும் இல்லை.

ஆக, ச்சுவான்-ஜோ. இரண்டு அசைக்கும் ஏறக்குறைய ஒரே எடை. சீனத்தில் முதல் அசை கீழிருந்து ஏறும், இரண்டாவது உயரத்திலேயே நிற்கும். ஆங்கிலப் பேச்சில் அந்த ஏற்ற இறக்கத்தைக் கொண்டுவர வேண்டியதில்லை.

இந்த ‘ஜோ’ கைவந்தால் ஹாங்ஜோ, சூஜோ, ஜெங்ஜோ எல்லாம் சரியாகிவிடும். சீனத்தில் எழுதும்போது எல்லாவற்றிலும் கடைசிச் சீன எழுத்து ஒன்றுதான்; பழைய ஆட்சிப் பிரிவைக் குறிக்கும் சொல் அது.

நான்காம் படி: எழுதும்போது

ஒரே சொல்லாக எழுதுங்கள். இடைக்கோடு வேண்டாம்; நடுவில் பெரிய எழுத்தும் வேண்டாம். முதல் முறை குறிப்பிடும்போது ஒரு காற்புள்ளி இட்டு ‘ஃபூஜியன்’ என்று மாகாணப் பெயரையும் சேர்த்துவிடுங்கள். குவாங்ஜோ குழப்பம் இதனால் தீரும். தவிர, குவாங்சி பகுதியில் இதே எழுத்துக்கூட்டலில் வேறொரு மாவட்டமும் இருக்கிறது. விமான டிக்கெட் எடுப்பவர்கள் மூன்றெழுத்துக் குறியீட்டையும் பாருங்கள்: நமக்கு வேண்டியது ஜே-ஜே-என், சி-ஏ-என் என்றிருந்தால் அது குவாங்ஜோ.

வரலாறு எழுதுகிறவர்களுக்கு இன்னொரு பெயரும் தேவைப்படும். மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் இந்த ஊரை ஸைத்தூன் என்ற பெயரால் அறிந்திருந்தார்கள். அவர்கள் காலத்தைப் பற்றி எழுதினாலும் இன்றைய பெயரை முதலில் தந்து, பழைய பெயரை அடைப்புக்குறிக்குள் வைப்பதையே நான் விரும்புகிறேன். படிப்பவர் வரைபடத்தில் தேட முடியும். 2021-இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் இன்றைய பெயரில்தான். பழைய ஆங்கில நூல்களில் ‘சின்சூ’ என்பதுபோன்ற வடிவங்களைக் கண்டால் மேற்கோளில் அப்படியே விடுங்கள். உங்கள் சொந்த வாக்கியத்தில் எடுத்தாள வேண்டாம்.

பயிற்சிக்கு, கையை வாய்க்கு முன் வைத்தபடி ‘ச்சுவான்ஜோ, ஃபூஜியன்’ என்று பத்து முறை சொல்லுங்கள். உடனே ‘குவாங்ஜோ’ என்று ஒரு முறை சொல்லுங்கள். முதல் பெயரின் தொடக்கத்தில் கையில் காற்றுப் பட்டு, இரண்டாவதில் படாவிட்டால், ஊர் மாறாது.